கம்பனியின் வில்லையும் காட்டின் உள்ளியும்

உலோகம் கண்டறியும் கருவி என்றதும் எம் நாட்டவருக்கு நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, கொழும்பின் சோதனைச் சாவடிகளிலும் அரச அலுவலக வாயில்களிலும் பல்லாண்டுகள் எம் உடலைத் தடவிய கருவி. மற்றது, முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றுவோர் அங்குலம் அங்குலமாக நிலத்தின்மேல் நகர்த்திச் செல்லும் கருவி. இரண்டிலும் அது எழுப்பும் ஒலி அச்சத்தின் ஒலி. அதே கருவியை ஒருவர் உவகையோடு தோளில் சுமந்து காட்டுக்குள் செல்வதையும், அது ஒலிக்கும்போது அவர் முகம் மலர்வதையும் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தில்தான் முதன்முதலாகக் கண்டேன்.

என் சகோதரியின் மகள் அம்மாநிலத்தின் தென்பகுதியிலுள்ள சிறு நகரொன்றில் மருத்துவராகப் பணிபுரிகிறாள். உள்ளூர் மருத்துவர்கள் செல்லத் தயங்கும் அந்த மலைப்பிரதேசத்தின் மருத்துவமனைகளில் தெற்காசியாவிலிருந்து சென்ற மருத்துவர்கள் பலர் நீண்டகாலமாகச் சேவையாற்றி வருகின்றனர். சித்திரைப் புத்தாண்டு கழிந்த வாரத்தில் அவள் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். அவளுடைய அயலவர் எழுபது வயதைக் கடந்தவர். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து ஓய்வுபெற்றவர். "மாமா, நீங்கள் பத்திரிகைக்காரர் என்று சொன்னதும் உங்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று நிற்கிறார்" என்றாள் மருமகள். மறுநாள் காலையிலேயே மூவரும் புறப்பட்டோம்.

நாங்கள் சென்ற இடம் இரு மலைகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் ஒரு பள்ளத்தாக்கு. ஓடை ஒன்று, மரங்கள், பாசி படர்ந்த சில அத்திவாரக் கற்கள். வேறொன்றும் கண்ணுக்குத் தென்படவில்லை. ஒரு காலத்தில் அங்கு நூற்றுக்கணக்கானோர் வாழ்ந்தனர் என்றார் முதியவர். நிலக்கரிக் கம்பனிகள் மலைகளுக்குள் அமைத்த அத்தகைய குடியிருப்புகளில் வீடு கம்பனியுடையது. கடை கம்பனியுடையது. பல இடங்களில் பாடசாலையும் தேவாலயமும்கூட கம்பனி கட்டிக் கொடுத்தவையே. நிலக்கரி தீர்ந்தோ விலை வீழ்ந்தோ சுரங்கம் மூடப்பட்டதும் வீடுகள் கழற்றி விற்கப்பட்டன. குடியிருந்தோர் சிதறிப் போயினர். எஞ்சியது மண்ணுக்குள் கிடக்கும் உலோகம் மட்டுமே.

அவர் தேடுவன பெரும்பாலும் மூன்று வகைப் பொருட்கள். முதலாவது, 'ஸ்கிரிப்' எனப்பட்ட வில்லை. நாணயத்தைப் போல வட்டமானது. பித்தளையாலோ செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தாலோ ஆனது. கம்பனியின் பெயரும் 5 சதம், 10 சதம் என்று பெறுமதியும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். கள்ள வில்லைகளைத் தடுக்கவும் எளிதில் இனங்காணவும் சிலவற்றின் நடுவே எழுத்து வடிவில் துளையிடப்பட்டிருக்கும். ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன், சின்சினாட்டி நகரங்களில் இவற்றை அச்சிட்டு விற்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் இருந்தன. சம்பள நாளுக்கு முன்னர் பணம் தேவைப்பட்ட தொழிலாளிக்குக் கம்பனி இந்த வில்லைகளைக் கடனாகக் கொடுத்தது. அவை கம்பனிக் கடையில்தான் முழுப் பெறுமதி பெறும். வெளியே மாற்ற முயன்றால் குறைந்த விலையே கிடைக்கும். இவ்வாறு கூலி கடனாகி, கடன் அரிசியும் மாவும் ஆவதற்குப் பதிலாக மேலும் கடனானது. 1955இல் ரென்னஸி ஏர்னி போர்ட் பாடி உலகெங்கும் புகழ்பெற்ற 'சிக்ஸ்ரீன் ரன்ஸ்' என்ற பாடலின் பொருளும் இதுவே. இம்முறை 1950களில்தான் பெரும்பாலும் மறைந்தது.

இரண்டாவது, காபைட் விளக்கு. கல்சியம் காபைட்டின்மேல் நீர் சொட்டும்போது எழும் அசற்றிலீன் வாயுவை எரித்து ஒளிதரும் சிறு பித்தளை விளக்கு. அதைத் தொழிலாளர் தம் தொப்பியில் மாட்டிக்கொண்டனர். எம்மவருக்கு காபைட் என்றால் வாழைக்குலையையும் மாம்பழத்தையும் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கும் கல். அங்கே அது ஒரு தலைமுறையின் வெளிச்சம்.

மூன்றாவது, இலக்கத் தகடு. சிறிய பித்தளைத் துண்டு. ஒரு துளை, ஓர் இலக்கம், அவ்வளவே. தொழிலாளி தான் வெட்டி நிரப்பிய நிலக்கரி வண்டியில் தன் தகட்டை மாட்டி வெளியே அனுப்புவான். மேலே நிறுவைக்காரர் எடையைப் பார்த்து அந்த இலக்கத்தின் கணக்கில் பதிவார். நிறுவையில் மோசடி நடக்கிறது என்பது சுரங்கத் தொழிலாளர்களின் நெடுநாள் குறை. தாமே தெரிவுசெய்த ஒருவர் நிறுவையை மேற்பார்வை செய்யவேண்டும் என்பது அவர்களது சங்கத்தின் தலையாய கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. அந்தத் தகட்டுக்காக அவர்கள் போராடினார்கள் என்று சொன்னாலும் பிழையில்லை.

கருவியின் தத்துவம் எளிமையானது. அதன் வட்டச் சுருளில் பாயும் மின்னோட்டம் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. மண்ணிலுள்ள உலோகத்தில் அப்புலம் மின்னோட்டத்தைத் தூண்ட, அதனால் எழும் எதிர்ப்புலத்தைக் கருவி ஒலியாக மாற்றுகிறது. இரும்புக்கு ஓர் ஒலி, பித்தளைக்கு வேறோர் ஒலி. சுரங்கக் குடியிருப்புகளில் ஆணியும் கம்பியும் எரிந்த நிலக்கரியின் கட்டிகளும் நிறைந்திருப்பதால் காதைப் பழக்குவதே பெருங்கலை. நிலவுரிமையாளரின் எழுத்துமூல அனுமதி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. அது இன்றி எங்கும் கருவியை இறக்கமாட்டார். தேசியப் பூங்காக்களில் இதற்கு அனுமதியே இல்லை. கூட்டரசுக்குச் சொந்தமான நிலங்களில் 100 ஆண்டுகள் பழைமையான தொல்பொருட்களை அனுமதியின்றி அகழ்வது 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். 2020 டிசெம்பரில் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்ட நியூ ரிவர் பள்ளத்தாக்கில் நட்டல்பேர்க் என்ற கைவிடப்பட்ட சுரங்க ஊரையும் பின்னர் பார்த்தேன். ஒரு காலத்தில் ஹென்றி போர்ட் தம் மோட்டார்த் தொழிற்சாலைக்காகக் குத்தகைக்கு எடுத்த சுரங்கம் அது. அங்கு பார்க்கலாம், நடக்கலாம். ஓர் ஆணியையும் எடுத்துச் செல்லக்கூடாது.

இக்கட்டுப்பாட்டின் நியாயத்தை விளங்கிக்கொள்ள பிளேயர் மலையின் கதை போதுமானது. 1921 ஓகஸ்ட் இறுதியில் ஏறத்தாழ 10,000 சுரங்கத் தொழிலாளர்கள், தொழிற்சங்க உரிமை கோரி, கழுத்தில் சிவப்புத் துணி கட்டி, ஆயுதங்களோடு அம்மலையை நோக்கிச் சென்றனர். கம்பனிகளின் பக்கம் நின்ற ஷெரீப்பின் படை மலைமுகட்டில் அரண் அமைத்திருந்தது. வானூர்தியிலிருந்து கைத்தயாரிப்புக் குண்டுகளும் வீசப்பட்டன. கூட்டரசின் இராணுவம் வந்திறங்கிய பின்னரே மோதல் ஓய்ந்தது. நெடுங்காலம் பாடநூல்கள் இதைப் பேசவில்லை. 2006இல் அம்மலையில் நடத்தப்பட்ட கள ஆய்வு, உலோகம் கண்டறியும் கருவிகளின் துணையோடு தோட்டாக்களையும் வெற்றுத் தோட்டாக் கூடுகளையும் கண்டெடுத்து, ஒவ்வொன்றும் கிடந்த இடத்தை வரைபடத்தில் குறித்தது. யார் எங்கே நின்று சுட்டனர் என்பதை அந்தப் புள்ளிகள் காட்டின. 2009இல் அம்மலை தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. சில மாதங்களில் நீக்கப்பட்டது. நீண்ட வழக்கின்பின் 2018இல் மீண்டும் இடம்பெற்றது. அத்தோட்டாக்களை எவரேனும் முன்னரே பொறுக்கிப் போத்தலில் போட்டு வைத்திருந்தால் அவை வெறும் பழைய பித்தளையாகவே இருந்திருக்கும். செய்தியாளன் என்ற முறையில் இது எனக்கு நன்கு விளங்கியது. எங்கே, எப்போது, யார் என்பவை அற்றுப்போன தகவல் செய்தியாகாது.

மதியத்துக்குச் சற்று முன் கருவி கூர்மையாக ஒலித்தது. முதியவர் மண்டியிட்டுப் புல்லோடு மண்ணை ஒரு மூடிபோல வெட்டித் திருப்பினார். நான்கு அங்குல ஆழத்தில் பச்சை படிந்த பித்தளைத் தகடு. விரலால் தேய்த்ததும் மூன்று இலக்கங்கள் தெரிந்தன. அவர் உடனே மகிழ்ச்சிக் கூச்சல் எழுப்பவில்லை. குறிப்பேட்டை எடுத்து ஆழம், திசை, அருகிலிருந்த அத்திவாரக் கல்லிலிருந்து எத்தனை அடி என்பதையெல்லாம் எழுதினார். பிறகு மண்ணை மூடி, காலால் மெதுவாக அழுத்தினார்.

அத்தகட்டைக் கையில் வாங்கிய கணத்தில் என் நினைவு எமது மலையகத்துக்குச் சென்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தொழிலாளியின் கழுத்தில் தகர வில்லை ஒன்று கட்டப்பட்டது. அதில் தோட்டத்தின் குறியும் இலக்கமும் இருந்தன. அதைக் காட்டினால் வழிப்பயணம் கடனாகக் கிடைக்கும். அக்கடன் தோட்டத்தில் அவன் கணக்கில் ஏறும். ஒரு தோட்டத்தை விட்டு வேறொன்றுக்குச் செல்லவேண்டுமானால் கடனைத் தீர்க்கும் 'துண்டு' தேவைப்பட்டது. அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1921இல், பிளேயர் மலையில் துப்பாக்கிகள் முழங்கிய அதே ஆண்டில். இரு நாடுகளுக்கும் இடையே தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் மனிதனை இலக்கமாக்கிக் கடனில் கட்டிவைக்கும் வழியை இரு மலைகளின் முதலாளிகளும் நன்கறிந்திருந்தனர்.

திரும்பும் வழியில் ஓடைக்கு மேற்கேயிருந்த நிழற்சரிவில் முதியவர் நின்றார். மரங்கள் இன்னும் தளிர்க்கவில்லை. ஆனால் நிலமெங்கும் பச்சை விரித்திருந்தது. அதுவே 'றாம்ப்ஸ்' என்னும் காட்டு உள்ளி. நுவரெலியா லீக்ஸுக்கு உறவுமுறை. இரண்டு அல்லது மூன்று அகன்ற மெல்லிய இலைகள், செந்நீலத் தண்டு, வெண்ணிறக் கிழங்கு. மரங்கள் இலைவிட்டு ஒளியை மறைப்பதற்குள் ஏப்ரல், மே மாதங்களில் அவசரமாக வாழ்ந்து முடிக்கும் தாவரம் இது. இதன் பூர்வகுடிப் பெயரிலிருந்தே சிக்காகோ நகரம் பெயர்பெற்றது என்பர் ஆய்வாளர். நச்சுத்தன்மை கொண்ட சில செடிகளும் இதே தோற்றத்தில் வளர்வதால் அறியாதவர் பறிப்பது ஆபத்து. இலையைக் கசக்கினால் வெங்காயமும் உள்ளியும் கலந்த மணம் வரவேண்டும். வராவிட்டால் தொடக்கூடாது.

மாரி முழுவதும் உப்பிட்ட இறைச்சியும் உலர்ந்த அவரையும் தின்ற மலைவாசிகளுக்கு வசந்தத்தின் முதற்பச்சை இதுவே. கம்பனிக் கடையில் கடன் எல்லை தாண்டிய வீட்டிலும் இது அடுப்பேறியது. ஏனெனில் இதற்கு வில்லை தேவையில்லை. தம் பாட்டி இதைச் சொல்லிச் சொல்லிப் பறித்ததாக முதியவர் நினைவுகூர்ந்தார். விதை முளைக்கவே 18 மாதங்கள் வரை செல்லும்; பூத்துக் காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வேண்டும். இப்போது பெருநகர உணவகங்கள் இதை விரும்பத் தொடங்கியதால் சாக்குச் சாக்காகத் தோண்டி விற்கிறார்கள். 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு மட்டுமே எடுத்தால்தான் கூட்டம் அழியாது நிலைக்கும் என்று 2004இல் வெளியான ஆய்வொன்று கூறியது. கனடாவின் கியூபெக் மாகாணம் 1995 முதல் விற்பனையைத் தடைசெய்து, ஆளுக்கு ஆண்டுக்கு 50 கிழங்குகள் என வரம்பிட்டுள்ளது. முதியவரின் விதி இன்னும் கடுமையானது: ஒரு செடியில் ஓர் இலை, கிழங்கில் கைவைப்பதில்லை.

இதன் மணம் பொல்லாதது. தின்ற பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய கதைகள் அங்கே ஏராளம். றிச்வுட் நகரில் பத்திரிகை நடத்திய ஜிம் கொம்ஸ்ரொக், அச்சு மையில் இம்மணத்தைக் கலந்து ஓர் இதழை வெளியிட்டார். தபாற் பைகள் நாறின. இனி அவ்வாறு செய்வதில்லை என்று தபால் திணைக்களத்துக்கு அவர் வாக்களிக்க நேர்ந்தது. எத்தனையோ ஆசிரியர்களோடு பணியாற்றியவன் நான். வாசகரின் மூக்கைப் பிடித்த ஆசிரியரை அன்றுதான் அறிந்தேன்.

மாலையில் மருமகளின் சமையலறையில் இரு சமையல்கள் நடந்தன. முதியவர் வார்ப்பிரும்புத் தாச்சியில் பன்றிக் கொழுப்பை உருக்கி, உருளைக்கிழங்கை முறுகவிட்டு, இறுதியில் அரிந்த இலைகளைப் போட்டு, இரண்டு முட்டைகளை உடைத்து ஊற்றினார். பக்கத்து அடுப்பில் மருமகள் கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்து, இலைகளை ஒரு நிமிடம் வதக்கி, தேங்காய்ப்பூ தூவி வறை செய்தாள். முதியவர் சோள ரொட்டியால் வறையை அள்ளி உண்டு, மறுபடியும் கேட்டார்.

உண்ணும்போது அவருக்கு இடையிடையே மூச்சு வாங்கியது. மலையேறும்போதும் பலமுறை நின்றே ஏறினார். காரணத்தை மருமகள் பிறகு சொன்னாள். மத்திய அப்பலாச்சியாவில் 25 ஆண்டுகளுக்குக் குறையாது சுரங்கத்தில் உழைத்தோரில் ஐவரில் ஒருவரைக் கருநுரையீரல் நோய் பற்றியிருப்பதாக 2018இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மெல்லிய கரிப்படைகளை எடுப்பதற்காகப் பாறையையும் சேர்த்து வெட்டுவதால் எழும் சிலிக்காத் தூசு இதற்கு முக்கிய காரணம். சுரங்கம் விட்டுச்சென்ற எச்சங்களுள் எந்தக் கருவியும் ஒலித்துக் காட்டாத எச்சம் இது.

விடைபெறும்போது அத்தகட்டை என்னிடம் நீட்டி, நினைவாக வைத்துக்கொள்ளுமாறு கூறினார். அந்த இலக்கம் யாருடையது என்று தேடப்போகிறீர்களா என்று கேட்டேன். பழைய சம்பளப் பேரேடு எங்காவது அகப்பட்டால் பார்க்கலாம் என்றார். அப்படியாயின் அது இங்கேயே, உங்கள் குறிப்பேட்டோடு இருக்கட்டும் என்று கூறித் திருப்பிக் கொடுத்தேன். அவர் மறுப்புச் சொல்லவில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மலையக வழிவந்தோர் இன்று பல நாடுகளில் வாழ்கின்றனர். உங்கள் பாட்டனின் பெட்டியில் தகர வில்லையோ, துண்டுச் சீட்டோ, பற்றுப் புத்தகமோ இருக்குமானால், அதை விற்பதற்கு முன்பு, அல்லது பளபளக்கத் தேய்ப்பதற்கு முன்பு, ஒரு தாளில் எழுதி வையுங்கள்: யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஊரிலிருந்து வந்தார். அதைச் சொல்லக்கூடிய முதியவர்கள் உங்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.