எதற்காகப் படிக்க அனுப்பினோம்?

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்த நாளின் இரவு. மகளின் மதிப்பெண்களைக் கேட்டறிய வந்த உறவினர் எல்லாரும் விடைபெற்றுச் சென்ற பின், நாங்கள் மூவரும் உணவருந்த அமர்ந்தோம். வந்தவர்கள் ஆளுக்கோர் அறிவுரையை விட்டுச் சென்றிருந்தார்கள். கணினிப் பொறியியலுக்குத்தான் மதிப்பு என்றார் ஒருவர். செவிலியர் படிப்பென்றால் வெளிநாடு போய்விடலாம் என்றார் மற்றொருவர். எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்த மகள், "நான் வரலாறு படிக்கப் போகிறேன்" என்றாள். நாங்கள் வாய் திறக்கும் முன்பே அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டாள்: "அண்ணனை எதற்காகப் பொறியியல் படிக்க அனுப்பினீர்கள்?"

கணவனும் மனைவியுமாகிய நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விடை எங்களிடம் இல்லை.

அவளுக்குப் பத்தாண்டு மூத்தவன் எங்கள் மகன். சிறு வயது முதலே பறவைகள்மேல் தீராத ஆசை கொண்டவன். பள்ளிச் சிற்றுலாவில் ஒருமுறை கூந்தன்குளம் சென்று வந்தான்; அன்று பிடித்தது அந்தப் பித்து. 1994இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அந்தக் குளத்திற்கு இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகள் வருவதையும், வீட்டு மரங்களில் கூடு கட்டும் நாரைகள் அஞ்சக் கூடாதென்று அவ்வூர் மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை என்பதையும் எங்களுக்குச் சொன்னவன் அவனே. கண்ட பறவைகளின் பெயரையும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பான். விலங்கியல் படிக்க வேண்டும் என்று ஒருமுறை, ஒரேயொரு முறை, சொன்னான். "பறவை பார்த்தால் சோறு கிடைக்குமா?" என்று கேட்டோம். இருவருமே கேட்டோம். அதன்பின் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை.

2014ஆம் ஆண்டு பொறியியல் கலந்தாய்வுக்காகச் சென்னை சென்றோம். அந்நாளில் கலந்தாய்வு அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரில் நடைபெற்றது. அரங்கின் திரையில் கல்லூரிகளின் பெயர்களும் எஞ்சிய இடங்களும் ஓடிக்கொண்டிருந்தன. கணினியின் முன் அமர்ந்திருந்தவர், "எந்தப் பிரிவு?" என்று மகனைப் பார்த்துக் கேட்டார். "இயந்திரப் பொறியியல்" என்று நாங்கள் விடை சொன்னோம். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. ஊர் திரும்பியதும் வங்கிக் கடன் வாங்கினோம். அது போதாமல் தாலிச் சங்கிலியும் அடகுக்குப் போனது. அவன் அரியர் வைத்து, எழுதி, ஒருவாறு பட்டம் பெற்றான். இன்று சென்னைப் புறநகரில் ஒரு சரக்குக் கிடங்கில் இரவுப் பணி மேற்பார்வையாளன். வங்கிக் கடனை அவனே அடைத்தான். ஆனால் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் கோவில் திருவிழாவுக்கும் வீட்டுக்கு வருவதில்லை. வேலை இருக்கிறது என்பான். உழைத்து உண்பதில் இழிவில்லை. அவன் வீட்டை விட்டு விலகி நிற்பதுதான் எங்கள் நெஞ்சைச் சுடுகிறது.

எங்கள் அச்சம் முற்றிலும் வீண் என்றும் சொல்வதற்கில்லை. எங்கள் இருவரின் பெற்றோரும் பள்ளிப் படி ஏறாதவர்கள். ஒருவருக்குக் கிடைத்த எழுத்தர் வேலையும் மற்றவருக்குக் கிடைத்த ஆசிரியைப் பணியுமே ஓலைக்கூரையை ஓட்டுக்கூரையாக்கின. எனவே படிப்பென்றால் வேலை, வேலையென்றால் பசியிலிருந்து விடுதலை என்ற பாடம் எங்கள் எலும்பில் எழுதப்பட்டது. வறுமையை அறியாதவர்கள் அந்தப் பாடத்தை எள்ளி நகையாடலாம், நாங்கள் மாட்டோம். ஆனால் அது முதல் பாடம் மட்டுமே என்பதை உணர எங்களுக்கு ஒரு தலைமுறைக் காலம் தேவைப்பட்டது.

1852இல் டப்ளின் நகரில் பல்கலைக்கழகம் எதற்கு என்பது பற்றித் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார் ஜான் ஹென்றி நியூமன். 2019இல் புனிதராக உயர்த்தப்பட்ட அதே நியூமன்தான். உடலுக்கு நலம் எப்படித் தன்னளவிலேயே நன்மையோ, அப்படியே மனத்திற்கு அறிவு என்பது அவர் வாதத்தின் சாரம். பலவற்றையும் அறிந்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, நிதானமாகத் தீர்ப்பிடும் ஆற்றலே கல்வியின் முதற்பயன் என்றார். எனினும் அவர் தொழிற்கல்வியின் எதிரி அல்லர். 1854இல் தொடங்கிய தம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் அடுத்த ஆண்டே மருத்துவப் பள்ளியையும் அவர் திறந்தார். எல்லாப் பிரிவுகளினும் நன்கு தழைத்தது அதுவே. தொழிலும் வேண்டும், தொழிலுக்கு அப்பால் சிந்திக்கும் மனமும் வேண்டும்.

இதற்கு நம் மண்ணிலேயே சான்றுண்டு. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் ஆண்கள் நடுவே ஒரே பெண்ணாகப் பயின்ற முத்துலட்சுமி, 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். மருத்துவத் தொழில் அவருக்கு வாழ்வளித்தது. ஆனால் அதோடு அவர் நின்றுவிடவில்லை. சட்டமன்றத்தில் நின்று தேவதாசி முறைக்கு எதிராகப் போராடினார். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவ நிலையம் உருவாகக் காரணமானார். பட்டம் அவரைப் பிறர் துயரத்தின் பக்கம் திருப்பியது.

2021-22ஆம் கல்வியாண்டின் நடுவண் அரசு ஆய்வின்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் நாட்டளவில் 28.4 விழுக்காடு, தமிழகத்தில் 47. பெருமைக்குரிய செய்தியே. கல்லூரி வாயிலைத் திறக்க நம் முன்னோர் பட்ட பாடு வீண்போகவில்லை. ஆயின் உள்ளே செல்லும் பிள்ளைக்கு, எதற்காகச் செல்கிறோம் என்பது தெரியுமா? அனுப்பும் நமக்குத் தெரியுமா?

தாலந்து உவமையை எத்தனையோ ஞாயிறுகளில் கேட்டிருக்கிறோம். ஒரு தாலந்தை நிலத்தில் புதைத்தவன் சோம்பேறி என்றே எண்ணி வந்தோம். அவன் அஞ்சியதால் புதைத்தான் என்பது இப்போதுதான் உறைக்கிறது. நாங்களும் அஞ்சினோம்; புதைத்தோம். அதுவும் எங்களுக்குத் தரப்பட்டதையன்று, எங்கள் மகனுக்குத் தரப்பட்டதை.

மறுநாள் மகனைத் தொலைபேசியில் அழைத்தோம். தங்கையின் விருப்பத்தைச் சொன்னோம். "படிக்கட்டும். ஆனால் வரலாறு படித்துவிட்டு என்ன செய்யப் போகிறாள் என்பதையும் கேளுங்கள். அவள் யோசித்து வைத்திருப்பாள்" என்றான். சற்று நிறுத்தி, "நீங்கள் பொறியியலில் சேர்த்ததுகூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. என்னைக் கேட்கவில்லை, அதுதான்" என்றான். பெற்றோர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது நம் வீடுகளில் வழக்கமில்லை. அன்று கேட்டோம். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பின்னர், "கூந்தன்குளத்தில் இப்போது தண்ணீர் இருக்கிறதா?" என்று கேட்டான். எங்களுக்குத் தெரியவில்லை, அதையும் சொன்னோம்.

மகளிடம் அவன் சொன்னபடியே கேட்டோம். அவள் யோசித்துத்தான் வைத்திருந்தாள். முதுகலை, அதன்பின் கல்வெட்டியல் என்றாள். ஆசிரியப் பணிக்கான வழியையும் சொன்னாள். சில இடங்களில் தடுமாறினாள். வேலை உறுதியா என்ற கேள்விக்கு உறுதியில்லை என்றே விடையளித்தாள். அச்சம் எங்களை விட்டு அகலவில்லை. ஆனால் விண்ணப்பத்தில் பாடப்பிரிவைக் குறிக்கும் கட்டத்தை அவளே நிரப்பினாள். பெற்றோர் கையொப்பமிட வேண்டிய இடத்தில் மட்டும் நாங்கள் கையொப்பமிட்டோம்.

இந்நாள்களில் பல இல்லங்களில் இத்தகைய விண்ணப்பங்கள் மேசைமேல் காத்திருக்கும். அவற்றை நிரப்புமுன் பிள்ளையை அருகில் அமர்த்தி ஒரு கேள்வி கேட்போம்: நீ எதற்காகப் படிக்க விரும்புகிறாய்? விடை வரும்வரை பொறுத்திருப்போம். எங்கள் மகனுக்கு நாங்கள் செய்யத் தவறியது அது ஒன்றுதான்.