ஊரைச் சுற்றிப் போகிற வழி

சென்னைக்கும் மைசூருக்கும் நடுவே பெங்களூர் இருக்கிறது. ரயிலில் போகிறவனுக்கு அது காப்பி சாப்பிடுகிற இடம். காரில் போகிறவனுக்கு ஒரு தலைவலி. மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கோ அது தனியாக ஒரு பிரயாணம். மற்ற நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டரை ஒரு தட்டிலும், அந்த நகரத்தைக் கடக்கிற நாற்பது கிலோமீட்டரை மறு தட்டிலும் வைத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்வதற்கில்லை.

என் மகளுக்கு மைசூரில் உத்தியோகம் கிடைத்தது. ஜனவரி மாதம் ஒரு திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். "வண்டியை ஓட்டிக்கொண்டே போயிடறேன், அப்பா" என்றாள். வண்டி என்றால் முந்நூற்றைம்பது ஸி.ஸி. புல்லட். அது எங்கள் தெருமுனையில் திரும்பும்போதே சமையலறையில் பாத்திரங்களுக்குத் தெரிந்துவிடும்.

"ரயிலில் வண்டியைப் போட்டு அனுப்பலாமே? பெட்ரோலை வடித்துவிட்டுச் சாக்குச் சுற்றிக் கொடுத்தால் ஏற்றிக்கொள்கிறார்களாமே?" என்றாள் என் மனைவி.

"வண்டி ரயில்ல போகும்னா நான் எதுக்கு அம்மா ஓட்டக் கத்துக்கிட்டேன்?"

இதற்குப் பதில் கிடையாது. ஆகவே வழி போட்டுக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெண்ணைத் தடுக்க முடியாத தகப்பனுக்கு உலகம் விட்டுவைத்திருக்கிற ஒரே வேலை இதுதான்.

அன்றிரவு மத்திய சர்க்கார் வெளியிட்ட விபத்துக் கணக்கை எடுத்துப் படித்தேன். 2022-ஆம் வருஷத்தில் இந்தியாவின் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு நாற்பத்து நான்குக்கு மேல் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். இந்த எண்களை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. காகிதத்தை மடித்து அகராதிக்குள் வைத்துவிட்டு மேப்பை விரித்தேன்.

சென்னையை விட்டு வெளியேறுவதில் சிரமம் இல்லை. நாங்கள் இருப்பது தாம்பரம் பக்கம். பூந்தமல்லிக்குப் போய் லாரிக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. முடிச்சூர், படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போய், வெள்ளைகேட்டில் பெரிய சாலையைப் பிடித்துவிடலாம். ஒரகடத்தில் புல்லட் கம்பெனிக்கு ஆலை இருக்கிறது. வண்டி பிறந்தகத்து வாசலைப் பார்த்துவிட்டுப் போன மாதிரியும் இருக்கும். அப்புறம் வாலாஜாபேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று ஒரே நேர்.

சுங்கத்தைப் பற்றி என் மனைவிக்கு ஒரு கவலை இருந்தது. சுங்கச்சாவடியில் ஒவ்வொரு இடத்திலும் நின்று, கையுறையைக் கழற்றி, சில்லறை தேடி, பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்து — இந்தக் காட்சியை அவளே மனத்தில் நடித்துப் பார்த்திருக்கிறாள். அந்தக் கவலை வேண்டியதில்லை. தேசிய நெடுஞ்சாலைகளில், 2008-ஆம் வருஷத்து விதிகளின்படி, இரண்டு சக்கர வண்டிக்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது. பள்ளிகொண்டாவிலும் வாணியம்பாடியிலும் பெரிய பெரிய கார்கள் வரிசையில் நிற்க, இடதுபுறத்துச் சந்தில் பால்காரரும் என் மகளும் சமமாகப் புகுந்து போய்விடலாம். நம் தேசத்தில் ஏழைக்கென்று விட்ட வழியில் கொஞ்சம் கௌரவம் குறைவு. ஆனால் சீக்கிரம் போய்விடலாம்.

பெங்களூர் வந்ததும் இந்த நியாயமெல்லாம் மாறிவிடுகிறது. ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியில் ஏறுகிற நீண்ட மேம்பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கும் காசு. அதைக் கொடுத்து ஏறினால், கொண்டுபோய் இறக்குவது சில்க் போர்டு சந்திப்பின் பக்கத்தில். காசு கொடுத்து நெரிசலுக்குள் போவதை நான் ஒப்பவில்லை. நகரத்துக்கு வெளியே தெற்கிலும் மேற்கிலுமாக வளைந்து ஓசூர் சாலையையும் தும்கூர் சாலையையும் சேர்க்கிற நைஸ் ரோடு இருக்கிறது. அது தனியார் சாலை. அங்கேயும் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் உண்டு. இரவு பத்து மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை இரண்டு சக்கர வண்டிகள் வரக்கூடாது என்று 2022-இல் உத்தரவும் போட்டார்கள். அதையும் தாண்டி மைசூர் சாலைக்குப் போனால், 2023 மார்ச்சில் திறந்த புது விரைவுச்சாலையில், அதே வருஷம் ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து, மோட்டார் சைக்கிளுக்கு இடமே இல்லை. காசு கொடுக்கிறேன் என்றாலும் விடமாட்டார்கள். பக்கத்துச் சர்வீஸ் ரோடில்தான் போக வேண்டும். நானூறு மைல் போவதற்கு முன்பே ஒரே வண்டிக்கு இலவசம், கட்டணம், நுழையாதே என்று மூன்று மரியாதைகள்!

நான் போட்ட வழி இவை எதையும் தொடாது. கிருஷ்ணகிரியிலேயே திரும்பி, ராயக்கோட்டை, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, தளி. அங்கிருந்து எல்லை தாண்டி மரளவாடி, கனகபுரா. பிறகு மளவள்ளி, பன்னூர், மைசூர். சுங்கம் இல்லை, சிக்னல் இல்லை, லாரி குறைவு. மேப்பில் பச்சைப் பென்சிலால் கோடு இழுத்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. சத்தியமங்கலம் வழியாக, திம்பத்தில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அவருக்குப் பெண் குழந்தை கிடையாது.

ஓசூரில் என் மைத்துனர் இருக்கிறார். தேன்கனிக்கோட்டைப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலம். அபிப்பிராயம் கேட்க டெலிபோன் செய்தேன்.

"நல்ல வழிதான், மாப்பிள்ளை. ஆனா எத்தனை மணிக்கு வருவா?"

"விடியற்காலையில் அந்த இடத்தைக் கடந்துவிட்டால் வெயிலுக்கு முன்பே..."

"விடியற்காலையிலா? இது ராகி அறுப்பு சமயம். பன்னேர்கட்டாக் காட்டிலேருந்து யானை கூட்டமா எறங்கியிருக்கு. ராத்திரி பூரா வயல்ல மேயும், வெளிச்சம் வர்ற நேரத்துக்கு ரோட்டைத் தாண்டிக் காட்டுக்குப் போகும். ஜவளகிரிப் பக்கம் ஜனங்க ஏழு மணிக்கு முன்னால வீட்டை விட்டு வெளியே வர்றதில்லே."

யானை உள்ள பிரதேசம் என்பது எனக்குத் தெரியாததல்ல. நேரம்தான் சிக்கல். நகரத்து நெரிசலுக்குப் பயந்தவன் விடியுமுன் கிளம்ப வேண்டும். யானைக்குப் பயந்தவன் விடிந்த பின் கிளம்ப வேண்டும். இரண்டு பயமும் ஒரே ஓசூரைச் சுற்றித்தான் உட்கார்ந்திருக்கின்றன.

மகள் மேப்பை வாங்கிப் பார்த்தாள். யானையைப் பற்றி அவள் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை.

"அப்பா, இந்தப் பச்சைக் கோட்டிலே பஞ்சர் ஆனா யார் வருவாங்க?"

நான் பேசாமல் இருந்தேன்.

"நெரிசல்னா எனக்கும் பிடிக்காது. ஆனா நெரிசல்லே விழுந்தா பத்துப் பேர் தூக்குவாங்க. இங்கே ஒருத்தன் வந்து நின்னா, அவன் எதுக்கு நிக்கறான்னு முதல்லே யோசிக்கணும்."

இருபத்தாறு வயசுப் பெண் சொன்ன வாக்கியம் இது. லாரி, யானை, சுங்கம் என்று நான் வரிசைப்படுத்திக்கொண்டிருந்த ஆபத்துகளில் இல்லாத ஒன்றை அவள் ஒவ்வொரு சாலையிலும் தினந்தோறும் கணக்கில் வைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறாள். என் மனைவி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் தெரியவில்லை என்பதையும் கவனித்தேன்.

அப்புறம் மூன்று பேருமாக உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். சனிக்கிழமை தாம்பரத்தில் விடியற்காலை புறப்பாடு. மத்தியானம் ஓசூரில் மாமா வீட்டில் இறங்கி, ராத்திரி அங்கேயே தங்கல். நகரத்தைச் சுற்ற முடியாவிட்டால் நகரம் தூங்குகிற நாளாகப் பார்த்துக் கடக்க வேண்டும். அதற்கு ஞாயிற்றுக்கிழமைக் காலையைவிட நல்லது கிடையாது. பனி இருக்குமாகையால் ஐந்து மணிக்கு அல்ல, ஆறரைக்கு. எலக்ட்ரானிக் சிட்டி வரை பெரிய சாலை. மேம்பாலத்தில் ஏறாமல் நைஸ் ரோடு; காசு கொடுத்துவிடுவது. ஆனால் மைசூர் சாலை வரை போகாமல் கனகபுரா சாலையிலேயே இறங்கிவிடுவது. அங்கிருந்து கனகபுரா, மளவள்ளி, பன்னூர். பஸ் ஓடுகிற ரோடு. வழி நெடுக ஊர், பெட்ரோல் பங்க், டீக்கடை. சர்வீஸ் ரோடில் உள்ளூர் டிராக்டருக்கும் எதிர்ப்பக்கம் வருகிற சைக்கிளுக்கும் ஒதுங்கி ஒதுங்கிப் போவதைவிட இது மேல் என்பது அவள் கட்சி. என் பச்சைக் கோட்டில் கடைசிப் பாதி இப்படிப் பிழைத்தது.

ஊர்ப் பெயர்களை ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி, மழைத்தாள் சுற்றி, பெட்ரோல் டாங்கியின் மேல் ஒட்டிக் கொடுத்தேன். அவளுடைய டெலிபோன் எல்லா வழியையும் பேசிக்கொண்டே காட்டும். இருந்தாலும் ஒட்டினேன், அவளும் கிழிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை செய்தி இல்லை. என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்துகொண்டிருந்தாள். பத்தேமுக்காலுக்கு டெலிபோன் அடித்தது.

"பன்னூர்லே நிக்கறேன், அப்பா. டீ சாப்பிடறேன். நைஸ் ரோடு காலியா இருந்துது. மளவள்ளி தாண்டி ஒரு கரும்பு லாரிக்குப் பின்னாலேயே ரொம்ப தூரம் வந்தேன். முந்தலே."

என் கையிலிருந்து டெலிபோனை வாங்கிக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்றாள் அவள் அம்மா.

"இருபத்தஞ்சு கிலோமீட்டர் இருக்கும்."

"அந்த லாரி முன்னாலே போய்விட்டதா?"

"போயிடுத்து, அம்மா."

"சரி, இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் புறப்படு."