மெதோரின் டூர் புரோகிராம்

முப்பத்து நாலு வருட எழுத்தர் வேலையில் நான் அதிகம் எழுதிய காகிதம் எது என்று கேட்டால், அதிகாரிகளின் டூர் புரோகிராம் என்றுதான் சொல்வேன். புறப்படும் நேரம், போய்ச் சேரும் நேரம், தங்குமிடம், யார் யாருக்கு நகல். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலை என்னை விடவில்லை. இப்போதைய அதிகாரிக்கு நான்கு கால்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். நம் ஊரில் நாய்க்கு மணி என்று பெயர் வைப்பதுபோல பிரெஞ்சுக்காரர்களுக்கு மெதோர். மனைவியின் ஊரான தூத்துக்குடிக்குக் குடிவந்த பின் வளர்த்த சிப்பிப்பாறைக் கலப்பு நாய்க்கு அந்தப் பெயரையே வைத்தேன். தெருப் பிள்ளைகள் வாயில் அது 'மேஸ்திரி' ஆகிவிட்டது. எப்படிக் கூப்பிட்டாலும் வாலாட்டும்.

மனைவி போய் மூன்று வருடமாகிறது. அதன் பிறகு எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். மகளுக்கோ பயம். "நீங்க கீழ விழுந்தா உங்களைப் பாக்குறதா, நாயைப் பாக்குறதா அப்பா?" என்றாள். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து எங்கள் நடை திட்டத்தோடுதான் நடக்கிறது.

இந்த ஊரில் நாயோடு நடக்கத் தூரத்தைக் கணக்குப் போட்டுப் பயனில்லை. நேரத்தையும் தரையையும்தான் பார்க்க வேண்டும். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கடற்காற்றில் ஈரம் கூடக்கூட அந்த வழியும் அடைபடும். சித்திரை, வைகாசியில் காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் ஆறேகாலுக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். மாலையில் வெயில் இறங்கினாலும் தார் ரோடு ஆறியிருக்காது. புறங்கையை ரோட்டில் வைத்துப் பார்ப்பேன். ஏழு விநாடி தாங்க முடியாவிட்டால் மெதோரின் பாதமும் தாங்காது. மூக்குச் சப்பையான பக் போன்ற நாய்கள் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்தது தரை. பீச் ரோட்டில் ரோச் பூங்கா பக்கம் நடப்பது சுலபம். திரேஸ்புரம் பக்கம் போனால் வலையும் கருவாடும் காயும். அது ஒருவர் வீட்டுச் சோறு. நாய் அங்கே காலைத் தூக்கிவிடக் கூடாது. அந்த இடம் வந்ததும் கயிற்றைக் குட்டையாகப் பிடித்துச் சுற்றிப் போய்விடுவேன். வலையிலிருந்து உதறிப் போட்ட பேத்தை மீன் மணலில் கிடந்தால் வாய் வைக்க விடக்கூடாது. அதன் விஷம் நாயையும் கொல்லும், மனிதனையும் கொல்லும். இங்கே அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. சங்கு குளிப்பு மட்டும் தொடர்கிறது. உடைந்த சங்கும் சிப்பியும் பாதத்தைக் கிழிக்கும். உப்பளத்து வரப்பு பார்க்க அழகு, ஆனால் உப்புநீர் நாயின் பாதத்தில் வெடிப்பு இருந்தால் எரிச்சலைக் கிளப்பும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுவேன். கடல்நீரைக் குடித்தால் வாந்தி பேதிதான். அதனால் ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய டிபன் மூடியும் எப்போதும் பையில் இருக்கும்.

தீவுக்குப் படகில் கூட்டிப் போகலாமே என்று நண்பர்கள் கேட்பார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. நம் இஷ்டத்துக்கு நாமே போக முடியாது, பிறகல்லவா நாய்!

காலண்டரில் சில நாட்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். ஜூலை 26 கொடியேற்றம் முதல் ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழா, தீபாவளி, காணும் பொங்கல். கூட்டமும் வெடியும் உள்ள அந்த நாட்களில் எங்கள் நடை வீட்டு மொட்டைமாடியோடு சரி.

வெளியூர்ப் பயணத்துக்கு ரயிலில் இரண்டே வழி. முதல் வகுப்பில் ஒரு கூப்பே முழுவதையும் நம் பெயரில் எடுக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியிலுள்ள நாய்க்கூண்டு. மூன்றடுக்கு ஏசியிலோ ஸ்லீப்பரிலோ அனுமதி கிடையாது. பதினோரு வயது நாயை ராத்திரி முழுக்கக் கூண்டில் தனியே விட எனக்கு மனசு வரவில்லை. புதுச்சேரிக்கு நான் மட்டும்தான் போய் வருகிறேன்.

எங்கே போனாலும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி அட்டைதான் முதல் ஆவணம். 1885-இல் லூயி பாஸ்தர் ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு ஊசி போடச் செய்து காப்பாற்றிய கதையைப் பள்ளியில் படித்தபோது எனக்கும் ஏறக்குறைய அதே வயது. தெருநாய்கள் உள்ள ஊரில் வருடாவருடம் அந்த ஊசியைத் தவறவிடலாகாது.

மகளின் கேள்விக்கு வருகிறேன். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வதில்லை. பூனையைக் கண்டால் சிப்பிப்பாறை பாயும், பாய்ந்தால் நானும் கூடவே போவேன். சட்டைப் பையில் ஒரு சீட்டு: என் பெயர், மாத்திரைகள், மகளின் போன் நம்பர். கீழே ஒரு வரி: 'நாய் கடிக்காது, மேஸ்திரி என்று கூப்பிட்டால் கூடவே வரும்.' எதிர்வீட்டு அம்மாவிடம் சாவியும், எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்ற விவரமும் இருக்கும். ஏழு மணிக்குள் எங்களைக் காணாவிட்டால் போன் செய்வார்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மகளுக்கு நகல் அனுப்பினேன். படித்துவிட்டுப் போனில் சொன்னாள்: "சரிப்பா, போயிட்டு வாங்க. ஆனா மழை பெய்ஞ்சா போகாதீங்க."

அதையும் சேர்த்துக்கொண்டேன்.