மண்ணில் கிடக்கும் மூட்டைகள்

மக்காச்சோளம் முளைத்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. குனிந்து பார்த்தால் குருத்து வெளுத்துக் கிடந்தது. நடு நரம்பின் இரண்டு பக்கமும் சுண்ணாம்பு தீற்றியதுபோலப் பட்டை பட்டையாக வெள்ளை. பயிர் பசியில் கிடக்கிறது என்று நினைத்து, அடுத்த மக்காச்சோள விதைப்பில் டிஏபி உரத்தைக் கூட்டிப் போட்டேன். வெள்ளையும் கூடியது.

அது ஜிங்க் குறைபாடு. டிஏபி தரும் மணிச்சத்து மிஞ்சினால் பயிருக்கு ஜிங்க் எட்டாது என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் ஒரு தப்பு செய்தேன். கூலி மிச்சமாகுமே என்று ஜிங்க் சல்பேட்டையும் டிஏபியையும் ஒன்றாகக் கலந்து வீசிவிட்டேன். இரண்டும் சேர்ந்தால் கரையாத உப்பாகிவிடும். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட், மணலில் கலந்து தனியாகத் தூவ வேண்டும்.

எம். புதுப்பட்டியில் எங்கள் புஞ்சை கரிசல். மக்காச்சோளம், பருத்தி, உளுந்து என்று வருஷத்துக்கு ஒன்றாக மாற்றிப் போடுவோம். பயிர் மாறும், மூட்டை மாறாது. 50 கிலோ டிஏபியில் மணிச்சத்து 23 கிலோ. ஏக்கருக்கு ஒரு மூட்டை என்றாலும் இருபது வருஷத்தில் 460 கிலோ. போட்ட வருஷம் பயிர் எடுப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் பெரிது. மீதி யூரியா மாதிரி காற்றோடும் தண்ணீரோடும் போகாது. சுக்கான் கல் கிடக்கிற கரிசலில் சுண்ணாம்போடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் மண்ணில் இரண்டு சொட்டு அமிலம் விட்டுப் பாருங்கள், சோடா திறந்ததுபோல நுரைக்கும். அந்தச் சுண்ணாம்புதான் மணிச்சத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. ஓடினால் மேல்மண்ணோடு சேர்ந்துதான் ஓடும், கண்மாய்க்கு. கோடையில் அதே மண்ணைக் கரம்பையாக டிராக்டர் வாடகை கொடுத்துத் திரும்ப ஏற்றி வருகிறோம்!

மண் பரிசோதனையில் மணிச்சத்து ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு, 22-ஐத் தாண்டினால் அதிகம். எங்களுக்கு ‘அதிகம்’ என்று வந்தது. ஜிங்க் ‘குறைவு’.

மூட்டையை மட்டும் நம்பியதற்கு எங்கள் ஊர்க் காரணம் ஒன்று உண்டு. பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் ஆள் போன பிறகு மாடு மேய்க்க யார் இருக்கிறார்கள்? தொழுவம் காலியானது, ஆட்டுக்கிடை போடுவது அரிதானது. குப்பை அடிக்க நாலு ஆள் வேண்டும், டிஏபிக்கு ஒரு கை போதும். தீப்பெட்டி உரசும் பட்டையில் இருப்பதும் மணிச்சத்தில் உள்ள அதே பாஸ்பரஸ்தான், சிவப்புப் பாஸ்பரஸ். அங்கே அதை கிராம் கணக்கில் எடை போடுகிற ஊர், வயலில் கண்ணை மூடிக்கொண்டு கொட்டுகிறது.

அதற்காக மணிச்சத்தே வேண்டாம் என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் இருக்கிறது. 1972 முதல் கேழ்வரகு, மக்காச்சோளச் சுழற்சியில் இன்னொரு நீண்டகாலச் சோதனையும் அங்கே நடக்கிறது. தழைச்சத்தை மட்டும் கொடுத்த பாத்திகளில் விளைச்சல் இறங்கியது. மூன்று சத்தோடு தொழு உரமும் சேர்ந்த பாத்திகள் முன்னால் நின்றன. மணிச்சத்து தேங்கினாலும் அதை அவிழ்த்துக் கொடுக்க மண்ணில் உயிர் வேண்டும், உயிருக்குக் குப்பை வேண்டும்.

இப்போது சூப்பர் பாஸ்பேட்டைத் தொழு உரத்தோடு கலந்து, ஈரம் காட்டி, ஒரு மாதம் மூடி வைக்கிறேன். ஹெக்டேருக்கு 750 கிலோ, மானாவாரிக்குச் சொல்லப்பட்ட ஊட்டமேற்றிய உரம். குவியலைக் கிளறினால் அமோனியா நெடி போய்ப் புது மண் வாசம் வர வேண்டும், அதுவரை தொடுவதில்லை. விதையில், மணிச்சத்தை அவிழ்க்கும் நுண்ணுயிரான பாஸ்போபாக்டீரியா. உளுந்து பூக்கும்போது மட்டும் இரண்டு சதக் கரைசலாக டிஏபியை இலைமேல் தெளிக்கிறேன். ராத்திரி ஊறவைத்து, காலையில் தெளிவை மட்டும் வடித்து எடுக்க வேண்டும். வண்டலோடு ஊற்றினால் நாசில் அடைத்துக்கொள்ளும்.

கிழக்கு ஓரத்தில் நாலு சால் மணிச்சத்து உரமே இல்லாமல் விட்டிருக்கிறேன். இரண்டு வருஷம் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மூன்றாம் வருஷம் இளம்பயிரில் இலையோரம் லேசாகக் கருஞ்சிவப்பு ஓடியது, மழை பிடித்ததும் மாறிவிட்டது. இந்தப் புரட்டாசியில் உரக்கடைக்குப் போனபோது கடைக்காரர் பில் புத்தகத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார், “என்ன அண்ணாச்சி, அரை மூட்டைக்குத்தான் வந்தீகளா?”