வேண்டி வீழ்த்திய நிரல்

தில்லியில் நான் எழுத்தராய்ப் பணியேற்ற புதிதில், எங்கள் அலுவலகத்தில் ஓய்வுபெறும் நாளை எதிர்நோக்கியிருந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர் இருந்தார். இளமையில் பெருங்கணிப்பொறிகளுக்கு நிரல் எழுதியவர். குளிர்கால நண்பகல்களில் புல்வெளியில் வெயில் காய்ந்தபடி அவர் கூறும் பழங்கதைகளைக் கேட்பது என் வழக்கம்.

2004-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒருநாள், "தம்பி, நன்றாய் ஓடும் நிரலை நாங்களே வீழ்த்தியதுண்டு" என்றார். நான் வியந்தேன். அவர் விளக்கினார்.

1964-இல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம் 360 வரிசைப் பொறிகளில், தவறான நிரல்கள் எல்லாம் நின்றுவிடுவதில்லை. ஐந்து இலக்கத் தொகை வரும் இடத்திற்கு நான்கு இலக்கமே ஒதுக்கி, அதைச் சோதிக்கவும் மறந்துவிட்டால், கோபோல் நிரல் முன்னிலக்கத்தை ஓசையின்றி உதிர்த்துவிடும். 10,250 ரூபாய் 250 ஆகும். நிரலோ இறுதிவரை ஓடி, அழகாக அச்சிட்டுத் தரும்.

"அதனால், ஐயமுள்ள கணக்கு முடிந்த மறுகணத்தில் பொருளற்ற கட்டளை ஒன்றைப் புகுத்துவோம். வெறும் சுழியங்கள். அப்பொறியின் கட்டளைகளில் சுழியத்துக்கு இடமில்லை. உடனே 'எஸ்0சி1' என்னும் குறியுடன் வேலை முறியும். முன்னரே கேட்டுவைத்திருந்தால், அக்கணத்தில் நினைவகத்தில் இருந்தவை தாள் தாளாக அச்சாகி வரும். அதை 'டம்ப்' என்போம். எந்தக் கட்டளையில் நின்றது, எந்த இடத்தில் எந்த எண் இருந்தது என்று விரல் வைத்துத் தேடுவோம்."

"தானாக விழட்டுமே, ஐயா?"

"பிழை பிறந்த இடம் ஒன்று, நிரல் விழும் இடம் வேறு. அதற்குள் தடயத்தின்மேல் வேறு எண்கள் ஏறிவிடும்."

அதற்குமேல் அந்த வெயில் எனக்கு இதமாயில்லை.

முந்தைய ஆண்டில் ஒரு கைம்பெண்ணின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு என் மேசைக்கு வந்திருந்தது. கணவரின் கடைசி ஊதிய உயர்வு பணிப்பதிவேட்டில் இருந்தது. கணக்குப் படிவத்தில் இல்லை. கண்டேன். ஆயினும் மாதக் கடைசி. நிலுவைக் கோப்புகளை முடிக்கச் சொல்லி மேலிடத்து நெருக்கடி. யாரேனும் மேலே பார்த்துக்கொள்வார்கள் என்று கையொப்பமிட்டு அனுப்பிவிட்டேன். பதினான்கு மாதங்கள் கழித்து அந்த அம்மையார் துணிப்பையுடன் வந்து நின்றார். பிழை எங்கே நேர்ந்ததென மூன்று பிரிவுகள் ஒன்றையொன்று கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. விடையறிந்த நான் வாய் திறவாதிருந்தேன்.

சிலம்பு என் நினைவுக்கு வந்தது. கண்ணகி தன் சிலம்பை உடைத்த பின்னரே உள்ளிருந்த மாணிக்கம் வெளிப்பட்டது. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துக்கள். ஆனால் கோவலன் உயிர் அதற்கு முன்பே போய்விட்டது. தீர்ப்புக்கு முன் உடைத்துப் பார்க்க ஒரு கணம் போதுமாயிருந்தது.

மறுநாள் காலை, "இக்குறை என் இருக்கையில் நேர்ந்தது, கண்டும் கோப்பை நிறுத்தவில்லை" எனக் குறிப்பெழுதி, கையொப்பமிட்டு அளித்தேன். விளக்கம் கேட்டு எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. அந்த அம்மையாருக்கு நிலுவைத் தொகையும் வந்தது. அதைப் பெற்றுக்கொள்ள அவர் வந்தபோது, மகன் எந்த வகுப்பில் படிக்கிறான் என்று கேட்டேன். கல்லூரியை விட்டு ஓராண்டாகிறது என்றார். கடையொன்றில் வேலை பார்க்கிறானாம்.

இன்று ஓய்வூதியக் கணக்குகளைக் கணினியே செய்கிறது. ஆயினும், எண்கள் ஒவ்வாத கோப்பு ஏதேனும் என் கைக்கு வரின், அன்றைய நாள் எதுவாயினும் அதை அங்கேயே நிறுத்தி வைக்கிறேன். தாமதிக்கிறேன் என்று சிலர் குறைப்படுவதுண்டு. அப்போதெல்லாம் அந்தத் துணிப்பை என் கண்முன் வந்து நிற்கிறது.