கேள்வியைப் பிரிக்கத் தெரிந்தவர்கள்

அறுவடைக் காலத்தில் தஞ்சை வட்டார மருத்துவமனைகளுக்குப் பாம்புக்கடி நோயாளிகள் வருவது புதிதல்ல. அந்தப் பருவத்தில்தான் இங்குள்ள மருத்துவக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் ஒரு முற்பகல் உட்கார்ந்திருந்தேன். முதுநிலை மாணவர் ஒருவர் வந்தார். கண்ணாடி விரியன் கடித்தவர்களைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறார். “பப்மெட்ல தேடினா மருத்துவக் கட்டுரைங்க கணக்கில்லாம வருது மேடம். எதை எடுக்கிறது, எதை விடுறதுன்னே தெரியல.”

நூலகர் கணினிப் பக்கம் திரும்பவில்லை. ஒரு தாளில் நான்கு கட்டங்கள் போட்டார். “யாருக்கு, என்ன சிகிச்சை, எதோட ஒப்பிடுறீங்க, கடைசியில எதை அளக்கப் போறீங்க? இந்த நாலையும் சொல்லுங்க டாக்டர்.” பேசப் பேசக் கேள்வி உருவானது: விரியன் கடித்த பெரியவர்களுக்கு விஷமுறிவு மருந்தைக் குறைந்த அளவில் கொடுப்பதா, கூடுதலாகவா, எதில் டயாலிசிஸ் தேவை குறைகிறது?

பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் சொற்களைத் திரட்டினார்கள். ஒரு கட்டுரை பாம்பின் ஆங்கிலப் பெயரை எழுதும், இன்னொன்று ‘டபோயா’ என்ற அறிவியல் பெயரை எழுதும். இதைச் சமாளிக்கவே அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் ‘மெஷ்’ என்ற பொதுத் தலைப்புப் பட்டியலை வைத்திருக்கிறது. முன்பு மனிதர்கள் படித்துப் பார்த்துக் கொடுத்த அந்தத் தலைப்புகளை 2022 முதல் பெரும்பாலும் கணினியே கொடுக்கிறது. “மெஷ்ஷை மட்டும் நம்பினா, தலைப்பு போடாத புதுக் கட்டுரை நழுவிடும். நம்ம சொல்லை மட்டும் நம்பினா வேற பேர்ல எழுதினது நழுவிடும். ரெண்டையும் சேர்த்துத் தேடணும்” என்றார் நூலகர். தேடிய சொற்களையும் தேதியையும் குறித்து வைக்கச் சொன்னார். நாளை வேறொருவர் அதே தேடலைச் செய்து சரிபார்க்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதழ்களை பைண்டிங்குக்கு அனுப்புவதும், ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதும், புத்தகத்தில் தேதி முத்திரை குத்துவதும்தான் இந்த நூலகருக்குப் பெரும்பாலான வேலை. இன்று அலமாரிப் பக்கம் வருபவர்கள் குறைவு. கேள்வியோடு வருபவர்கள் அதிகம்.

கேள்வியைப் பிரிக்கும் இந்தக் கலை காவிரிக் கரைக்கு அந்நியமானதல்ல. பழைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு பொருளை அதன் கூறுகளாகப் பிரித்து எண் தருவது. அதை விளக்க நூலகவியல் வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் எடுத்துக்காட்டே மருத்துவம்தான்: நுரையீரல், காசநோய், சிகிச்சை, எக்ஸ்ரே, ஆய்வு, இந்தியா, 1950கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், எல்லாம் சேர்ந்தால் ஒரு நூலின் இடம். அன்று அந்த நூலகர் போட்ட நான்கு கட்டங்களும் இதே போலத்தான் கேள்வியைக் கூறுகளாகப் பிரித்தன.

பிற்பகலில் அரண்மனை வளாகத்துச் சரசுவதி மகால் நூலகத்துக்குப் போனேன். 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி நடத்திய தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தின் கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள், கண்ணின் ஓவியங்களோடு இங்கேதான் காக்கப்பட்டுள்ளன. அவர் காலத்து மருந்து முறைகளை இந்நூலகம் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்று அச்சிட்டபோது, நயன ரோகம், நீரிழிவு என நோய்வாரியாகப் பிரித்துத் தொகுதிகளாக்கியது. இங்குள்ள சுவடிகளின் ஓலையைத் தூரிகையால் துடைத்து எலுமிச்சைப்புல் தைலம் தடவுவது பாதுகாப்பவரின் வேலை. எந்த மொழி, எந்த எழுத்து, எத்தனை ஏடு, எந்த நோய், முழுமையா குறையா என்று பதிவது அட்டவணை எழுதுபவரின் வேலை. இரண்டாவது வேலை நடக்காத சுவடி, காக்கப்பட்டும் யார் கைக்கும் எட்டாது.

இத்தனை நுட்பத்தை மருத்துவ நூலகர்கள் எங்கே கற்கிறார்கள்? நூலகவியல் பட்டப்படிப்பு எல்லாவகை நூலகங்களுக்கும் பொதுவானது. மருத்துவத் தகவல் என்பது பல இடங்களில் ஒரு விருப்பப் பாடம், அவ்வளவே. மீதியை வேலையில் சேர்ந்த பிறகு தாமாகவே கற்கிறார்கள். 1971இலேயே அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் கெர்ட்ரூட் லாம்ப், நூலகர்களை மருத்துவர்களோடு வார்டு ரவுண்ட்ஸுக்கு அனுப்பினார். கேள்வி எழும் இடத்திலேயே அவர்கள் நிற்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. கதவு திறந்துவிட்டது, உள்ளே வழிகாட்ட ஆள் வேண்டும். மருத்துவக் கல்லூரி நூலகத்துக்குப் போகிறவருக்குச் சில மாதங்களாவது மருத்துவமனைப் பயிற்சியும், முறையான தேடல் பயிற்சியும் கட்டாயமாக வேண்டும். அதற்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. நோயாளி, மருத்துவர், நூலகர், நூற்றாண்டுகளின் மருத்துவச் சுவடிகள் என நான்கும் ஒரே ஊரில் இருக்கும் தஞ்சையில் அதைத் தொடங்கலாம்.