மூச்சடக்கி ஒரு வேட்டை

ஜெனோவாவிலிருந்து கிழக்கே கிளம்பும் ரயில் பாதி நேரம் குகைக்குள்தான் ஓடுகிறது. குகை முடிந்ததும் திடீரெனக் கடல். பார்த்து முடிப்பதற்குள் அடுத்த குகை. மலை நேராகக் கடலில் இறங்கும் இந்த இத்தாலியக் கரையில் மணல் குறைவு. பாறை வளைகளில் களவா மீன் குடியிருக்கிறது. நீருக்கடியில் வேட்டையாடும் கருவிகள் செய்வது இங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்ததில் ஆச்சரியமில்லை.

1946ல் கிரெஸ்ஸி சகோதரர்கள் ஜெனோவாவில் முக்குளிப்புச் சாதனங்கள் செய்ய ஆரம்பித்தார்கள். லுட்விக் மாரெஸ் என்ற ஆஸ்திரியர் 1949ல் ரபாலோ என்ற சிற்றூரில் தொழில் தொடங்கினார். இன்று இரண்டுமே உலகெங்கும் விற்கும் பெயர்கள். ரப்பர் பட்டையை இழுத்து மாட்டி எய்யும் ஈட்டித் துப்பாக்கியை இவர்களும் செய்கிறார்கள். ஆனால் காற்றழுத்தத் துப்பாக்கி மீது இத்தாலியர்களுக்குத் தனிப் பிரியம். மாரெஸின் ‘ஸ்டென்’ ரகம் பல பத்தாண்டுகள் கண்டது.

பெயர்தான் துப்பாக்கி. வெடிமருந்து கிடையாது. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், அவ்வளவுதான். வெளிக்குழாய் காற்றுத் தொட்டி. உள்குழாயில் ஒரு பிஸ்டன். சைக்கிள் பம்ப் போன்ற கைபம்பால் நூற்றுக்கணக்கான முறை அடித்துக் காற்றை ஏற்றுகிறார்கள். அழுத்தம் 20 பார் அளவுக்கு, அதாவது கார் டயரில் இருப்பதைப் போலச் சுமார் 10 மடங்கு, ஏறுகிறது. பிஸ்டன் முன்முனையில் வந்து நிற்கும்.

வேட்டைக்காரர் தண்ணீரில் இறங்கிய பிறகுதான் நிஜமான வேலை. துப்பாக்கியின் பின்பக்கத்தைக் காலில் ஊன்றி, ஈட்டியை முனை வழியாக நுழைத்து, பலம் கொண்ட மட்டும் உள்ளே அழுத்த வேண்டும். 13 மி.மீ. பிஸ்டன் என்றால் ஆரம்பத்திலேயே சுமார் 27 கிலோ எதிர்ப்பு. உள்ளே போகப் போகக் காற்று இன்னும் இறுகும். கடைசியில் பிஸ்டனின் வால் ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். அதற்கு முன் கை வழுக்கினால் ஈட்டி எதிரே இருப்பவரை, அதாவது தள்ளியவரையே, பதம் பார்க்கும்.

விசையை இழுத்தால் கொக்கி விலகுகிறது. பிஸ்டன் பாய்ந்து முனையில் முட்டி நிற்க, ஈட்டி மட்டும் தொடர்ந்து போகிறது. காற்று ஒரு குமிழிகூட வெளியேறுவதில்லை. அடுத்த முறை பம்ப் வேண்டாம், மறுபடி தள்டினால் போதும் என்று நினைப்பவர் தோள்வலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மீனைத் துளைப்பது வேட்டைக்காரரின் கைபலம்தான். காற்று அதைச் சில நிமிடம் கடனாக வைத்திருந்து திருப்பித் தருகிறது.

அதிலும் கொஞ்சம் வட்டி பிடிக்கும். பழைய ரகங்களில் பிஸ்டனுக்கு முன்னால் நீர் நிறைந்திருக்கும். அதை முனைத் துளைகள் வழியாக வெளியே தள்ளுவதிலேயே சக்தி வீணாகும். பிற்பாடு முனையில் ரப்பர் வளையம் வைத்து நீர் புகாமல் அடைத்தார்கள். அதே காற்றழுத்தத்தில் ஈட்டி வேகம் கூடியது. இன்னொரு நல்ல யோசனை, கைப்பிடியருகே உள்ள நெம்பு. தொட்டியின் பெரும்பகுதியை அது மூடிவிட, மிச்சக் காற்று மட்டும் வேலை செய்யும். வளைக்குள் இருக்கும் மீனை முழு வேகத்தில் அடித்தால் ஈட்டி பாறையில் மோதி வளைந்துவிடுமே!

இவ்வளவு கச்சிதமான கருவிக்குச் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. இத்தாலியில் பொழுதுபோக்கு வேட்டைக்காரர்கள் ஆக்சிஜன் அல்லது காற்று உருளையைக் கட்டிக்கொண்டு சுடக் கூடாது. மூச்சடக்கி மட்டுமே. நாளொன்றுக்கு ஐந்து கிலோ; களவா ஒன்றே ஒன்று. களவாவுக்குச் சலுகை தர நியாயம் உண்டு. அது பெண்ணாக வளர்ந்து, பெரிதான பிறகே ஆணாக மாறும் மீன். ஈட்டிக்காரரின் கண் பெரிய மீன் மீது. அதனால் ஆண்தான் முதலில் போகும்.

ரபாலோவை ஒட்டிய போர்ட்டோபினோ மலைமுனையைச் சுற்றிய கடல் 1999ல் காப்புப் பகுதியானது. அங்கே ஈட்டிக்கு இடமே இல்லை. அம்முனையின் மறுபக்கத்தில், படகிலோ நடந்தோ மட்டுமே போகக்கூடிய சான் புருத்துவோசோ குடாவில், சுமார் 17 மீட்டர் ஆழத்தில் 1954ல் நிறுத்திய வெண்கல ஏசு கைகளை உயர்த்தி நிற்கிறார். அங்கே 1947ல் முக்குளித்தபோது உயிரிழந்த டாரியோ கொன்சாத்தியின் நினைவாக வைத்த சிலை. காப்புப் பகுதியில் களவாக்கள் மனிதரைப் பக்கத்தில் வரவிடுகின்றன. எல்லைக்கு வெளியே அதே மீன், ஆள் நிழல் தெரிந்ததுமே வளைக்குள் போய்விடுகிறது.